கரகரப்பின் கதை

சென்ற சித்திரையில் பத்து நாள் ஆண்டிமடத்தில் தங்கும்படி நேர்ந்தது. ஜெயங்கொண்டத்துக்கு வடக்கே, செம்மண்ணும் முந்திரித் தோப்புமாகக் கிடக்கிற பூமி அது. கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஜெயங்கொண்டத்தோடு திரும்பிவிடுவார்கள். ஆண்டிமடம் வரை வருகிறவன் ஒன்று முந்திரி வியாபாரியாக இருக்க வேண்டும். அல்லது என்னைப் போல, அந்த ஊரில் அத்தையைக் கட்டிக் கொடுத்த குடும்பத்தில் பிறந்தவனாக இருக்க வேண்டும்.

அத்தையின் முதலாண்டுத் திதிக்காகப் போயிருந்தேன். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் தங்கினேன். அதற்குக் காரணம் ஒரு குரல்.

அத்தை உயிரோடிருந்தபோது ஒரு நாள் கொல்லைத் தாழ்வாரத்தில் அவளை உட்கார வைத்து, பழைய கதைகளைச் சொல்லச் சொல்லி, கைப்பேசியில் நாலு மணி நேரம் பதிவு செய்திருந்தேன். ஒரு நாவலுக்கு வேண்டியிருந்தது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அவள் போன பிறகு அதைக் கேட்கிற தைரியம் எனக்குச் சென்னையில் வரவில்லை. அந்த வீட்டில், அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேட்டால் ஒருவேளை தாங்கும் என்று தோன்றியது. ஒலிப்பதிவை லாப்டாப்புக்கு மாற்றி எடுத்துப் போயிருந்தேன். என் லாப்டாப் வயதானது. சார்ஜர் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் மூச்சு நின்றுவிடும். ஆகவே சார்ஜரைச் சுவரில் செருகினேன். ஹெட்போனைக் காதில் மாட்டினேன். அத்தை பேசத் தொடங்கினாள்.

அவளோடு கூடவே இன்னொன்றும் பேசத் தொடங்கியது. "ர்ர்ர்" என்று ஓயாத கரகரப்பு. தையல் மெஷினுக்குள் சில்வண்டு புகுந்துகொண்டாற்போல ஒரு சப்தம். அத்தை மெல்லிய குரலில் பேசுகிறவள். வாக்கியத்தின் கடைசியில் அவள் குரல் தணிகிற இடமெல்லாம் இந்தக் கரகரப்பில் மூழ்கிப் போயிற்று.

முதலில் பதிவே பழுது என்று நினைத்து நெஞ்சு திக்கென்றது. அதே ஹெட்போனைக் கைப்பேசியில் மாட்டிக் கேட்டேன். குரல் பளிங்கு போலத் தெளிவாக வந்தது. ஆக, பதிவும் குற்றமற்றது, ஹெட்போனும் குற்றமற்றது. லாப்டாப்பிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினேன், நிசப்தம். செருகினேன், மறுபடியும் ஆசாமி ஆஜர். ஆனால் அதே சார்ஜர் சென்னையில் ஒரு நாளும் இப்படி வம்பு செய்ததில்லை.

பாலிடெக்னிக் படிக்கிற மருமகன் வந்து பார்த்தான். "மாமா, லாப்டாப் மேல கைய வைங்க" என்றான். வைத்தேன். கரகரப்பு பாதியாகக் குறைந்தது. எடுத்தேன்; ஏறிற்று. விரல் நுனியால் அந்த உலோக மூடியை லேசாகத் தடவிப் பார்த்தபோது எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அவன் ஒரு டெஸ்டரைக் கொண்டுவந்து அடிப்பக்கத்து ஸ்குரூ ஒன்றைத் தொட்டான். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்குச் சிவப்பாக விழித்தது.

"சார்ஜர்னா கொஞ்சம் இப்படித்தான் மாமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. காலை பத்து மணி சுமாருக்கு இந்தக் கரகரப்பு திடீரென்று இரண்டு மடங்காகும். அரை மணி நேரம் கழித்துப் பழைய ஸ்திதிக்குத் திரும்பும். இரண்டு நாள் இதைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர, காரணத்தைத் தேடவில்லை. காரணம் என் எதிரிலேயே, பத்தடி தூரத்தில் சுழன்றுகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுத்தாளனுக்கு ஒரு காரியம் கைகூடாவிட்டால் அதன் சரித்திரத்தைப் படிக்கக் கிளம்பிவிடுவான். சோம்பேறித்தனத்துக்கு அது ஒரு கௌரவமான பெயர். ஆனால் இந்த முறை எனக்கு அது பலித்தது. என் காதில் விழுந்த கரகரப்பு நேற்றுப் பிறந்ததல்ல என்று தெரிந்துகொண்டேன். அதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷத்துப் பரம்பரை இருக்கிறது.

தந்தி தொடங்கிய காலத்தில், மின்சாரம் போவதற்கு ஒரு கம்பி, திரும்பி வருவதற்கு ஒரு கம்பி என்று இரண்டு கம்பி வேண்டுமென்று எண்ணியிருந்தார்கள். 1838-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து விஞ்ஞானி ஸ்டைன்ஹைல், செலவைக் குறைக்க எண்ணி, நியூரம்பெர்க் அருகே ஓடிய ரெயிலின் தண்டவாளங்களையே கம்பியாகப் பயன்படுத்தப் பார்த்தார். பலிக்கவில்லை. மின்சாரம் தண்டவாளத்தில் ஓடாமல் வழியெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர், "மண்ணுக்குள் இவ்வளவு சுலபமாக இறங்குகிறதென்றால், மண்ணையே திரும்பும் கம்பியாக வைத்துக்கொண்டால் என்ன?" என்று யோசித்தார். இரண்டு முனையிலும் ஒரு செப்புத் தகட்டைப் பூமியில் புதைத்தார். ஒரு கம்பி மிச்சம்! பூமாதேவி காசு வாங்காமல் கம்பி வேலை பார்க்க ஒப்புக்கொண்டாள்.

மறு ஆண்டு, 1839-ல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் கற்பித்த டாக்டர் ஓஷானஸி என்பவர், அங்கே தாவரவியல் தோட்டத்தின் பக்கம் 21 மைல் நீளத்துக்குக் கம்பியை இழுத்துச் சுற்றித் தந்தி ஆராய்ச்சி செய்தார். செய்தி வந்துசேர்ந்ததா என்று அறிய அவர் கையாண்ட முறைகளில் ஒன்று, கம்பி முனையை விரலால் தொட்டு 'சுருக்'கென்று வருகிற அதிர்ச்சியை எண்ணுவது. பின்னாளில் இந்தியா முழுவதும் தந்தி போட்ட மனிதர் அவர்தான். லாப்டாப் மூடியில் என் விரல் நுனிக்கு ஏற்பட்ட குறுகுறுப்பு இந்த நாட்டில் ஒரு காலத்தில் தபால்காரனாக உத்தியோகம் பார்த்திருக்கிறது என்று அறிந்ததும் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

தந்திக்குக் காது இல்லை. அதனால் பூமிக்குள் என்னென்ன ஓடுகிறது என்பது அதுவரை யாருக்கும் தெரியவில்லை. 1876-ல் டெலிபோன் பிறந்தது. பூமிக்குக் காது முளைத்தது.

கிரஹாம் பெல்லின் உதவியாளர் வாட்ஸன், பாஸ்டன் நகரத்தில் வீட்டுக் கூரைகளின்மேல் போகிற ஒரு பரீட்சைக் கம்பியில் டெலிபோனை மாட்டிக்கொண்டு, இராத்திரி வேளைகளில் மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பாராம். அப்போது உலகத்தில் அவரோடு பேச வேறு ஆள் கிடையாது. இருந்த டெலிபோன்களே சில. ஆனாலும் கம்பி சும்மா இருக்கவில்லை. படக்கென்று ஒரு சப்தம். பிறகு நீண்ட கரகரப்பு. சில சமயம் குருவி கத்துவது போன்ற கீச்சொலி. சூரியனில் ஏதோ வெடிக்கிறதோ, வேறு கிரகத்திலிருந்து யாரேனும் கூப்பிடுகிறார்களோ என்றெல்லாம் அந்த இளைஞர் யோசித்ததை வயதான காலத்தில் எழுதிய சுயசரிதத்தில் சொல்லியிருக்கிறார். டெலிபோன் கரகரப்பைப் பொழுதுபோக்காகக் கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவருக்குப் பின் வந்த நாமெல்லாம் அதைத் திட்டிக்கொண்டேதான் கேட்கிறோம்.

டெலிபோன்காரர்களும் தந்திக்காரர்களின் சிக்கனத்தையே பின்பற்றி, ஒரு கம்பியும் ஒரு பூமியுமாக இணைப்புக் கொடுத்தார்கள். வினை அங்கே ஆரம்பமாயிற்று. ஊரிலிருந்த தந்திக் கம்பிகளும் அதே பூமியில்தான் முடிந்தன. தந்தி தட்டுகிற ஓசை டெலிபோனில் கேட்டது. 1884-ல் லண்டனில், கிரேஸ் இன் ரோடு என்ற தெருவில், மண்ணுக்கடியில் குழாயில் போன தந்திக் கம்பிகளின் செய்தியை, 80 அடி உயரத்தில் கூரைமேல் போன டெலிபோன் கம்பியில் கேட்டுப் படிக்க முடிந்தது. ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அருகில் இருந்தாலே போதும் என்று அதிகாரிகள் அன்று கண்டுகொண்டார்கள்.

அடுத்தாற்போல மின்சார டிராம் வந்தது. டிராமுக்குப் போகிற மின்சாரம் தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. தண்டவாளமோ மண்ணில் கிடக்கிறது. ஸ்டைன்ஹைல் பார்த்த அதே கசிவு, இப்போது ஆயிரம் மடங்கு பலத்தோடு. டிராம் ஓடிய ஊர்களில் டெலிபோன்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பூமி யாருக்குச் சொந்தம் என்று வழக்காடினார்கள். நம் நாட்டில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடியது சென்னையில்தான், 1895-ல். 1953-ல் அது நின்றது. அதன் கடகட சப்தத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

மருந்து வழக்கில் கிடைக்கவில்லை, கம்பியில் கிடைத்தது. 1881-லேயே பெல் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். பூமியை விட்டுவிட்டு, போவதற்கும் வருவதற்கும் இரண்டு கம்பிகள். அந்த இரண்டையும் பின்னல் போல முறுக்கிவிடுவது. வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழும். சமமாக விழுந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பேச்சு மட்டும் மிஞ்சும். எளிய யோசனை. ஆனால் கம்பிச் செலவு இரட்டிப்பாகும் என்று கம்பெனிகள் பல வருஷம் தயங்கின. இன்றைக்கும் கம்ப்யூட்டர் வலைக் கேபிளை உரித்துப் பார்த்தால் உள்ளே நாலு ஜோடிப் பின்னல் இருக்கும்.

பூமியைக் கம்பியாக வைத்துக்கொண்டதற்கு மனிதர்கள் உயிரை விலையாகக் கொடுத்த காலமும் ஒன்று உண்டு. முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் நாட்டுப் பதுங்கு குழிகளில் பிரிட்டிஷ் படையார் ஒற்றைக் கம்பி டெலிபோனை வைத்துக்கொண்டு, பூமியில் ஓர் இரும்பு முளையை அடித்துப் பேசினார்கள். எதிரிலிருந்த ஜெர்மானியர்களும் பூமியில் முளை அடித்தார்கள். பேசுவதற்கு அல்ல, ஒட்டுக் கேட்பதற்கு. சோம் நதிப் போர் தொடங்கிய 1916 ஜூலை 1-ம் தேதிக்கு முன்னிரவில், லா புவாஸெல் என்ற கிராமத்தருகே பிரிட்டிஷ் தளபதியின் வாழ்த்துச் செய்தி ஒன்று இப்படி மண் வழியாக எதிரியின் காதில் விழுந்துவிட்டது. விடிந்தால் தாக்குதல் என்பது அதிலிருந்தே தெரிந்துபோயிற்று. அந்தக் கிராமத்தின் எதிரே காலையில் குழியை விட்டு எழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். அவ்வளவுக்கும் அந்த ஒரு செய்தியே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்தச் செய்தியைத் தாங்கிப்போன மண்ணில்தான் அவர்கள் விழுந்தார்கள்.

ஒட்டுக் கேட்கிற அந்தக் காதுகளில் வேறொன்றும் விழுந்தது. உச்சத்தில் ஆரம்பித்துச் சறுக்கிக்கொண்டே இறங்குகிற ஒரு விஸில். குண்டு பறந்து வருகிற ஓசை போலவே இருந்ததாம். பார்க்ஹௌஸன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1919-ல் அதைப் பற்றி எழுதினார். இன்னும் முப்பத்து நாலு வருஷம் கழித்து, 1953-ல்தான், ஸ்டோரி என்ற இங்கிலீஷ்காரர் அதன் பூர்வோத்தரத்தை விளக்கினார். எங்கோ வெட்டிய மின்னலின் ஒலி அலை அல்ல, மின் அலை. அது பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தில் வெகு தூரம் ஏறி இறங்கி வருகிற சப்தம் அது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் என்ற அன்பர் முன்னின்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று; வெறும் 40 வாட் சக்தி. வீட்டில் எரிகிற பல்பு ஒன்றின் பலம்! அதைக் கேட்டவர்களில் பலர் கேட்டது ஹெட்போனில்தான். ஹெட்போனுக்கும் ஒரு சின்னக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த பால்ட்வின் என்பவர் சமையலறை மேஜையில் வைத்துச் செய்த ஹெட்போனை 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்ப, கடற்படை அதை விரும்பி வாங்கிக்கொண்டது. அங்கிருந்து அது உலகத்தின் தலையில் ஏறிற்று.

அந்தக் காலத்துக் 'கிறிஸ்டல் செட்' ரேடியோவுக்கு மின்சாரமே வேண்டாம். கலீனா என்ற ஈயத் தாதுக் கல் ஒன்று, அதைத் தொடுகிற மெல்லிய கம்பி, ஒரு சுருள், அவ்வளவுதான். ரேடியோ அலையை அறிய அந்தக் கல் உதவும் என்று கண்டு, 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ். மின்சாரம் இல்லாததால் மின்சாரக் கரகரப்பும் இல்லை. ஆனால் இரண்டு பொருள் மட்டும் கட்டாயம் வேண்டும். கூரைமேல் ஓர் ஏரியல். கீழே ஓர் எர்த். பூமி இல்லாவிட்டால் அந்த ரேடியோவுக்குப் பாதி உயிர் இல்லை.

செட்டியாரின் கிளப் 1927-ல் பணமில்லாமல் மூடப்பட்டது. அதன் கருவியை வாங்கிக்கொண்டு 1930 முதல் சென்னை கார்ப்பரேஷன் ஒலிபரப்பியது. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி வந்தது. அதன் பிறகு வந்த பெரிய வால்வு ரேடியோக்களின் முதுகிலும் 'ஏ' என்றும் 'இ' என்றும் இரண்டு துளைகள் இருக்கும். 'இ' என்பது எர்த். ரேடியோ வாங்கிய வீட்டில் கொல்லையில் ஒரு குழி வெட்டி, குழாயைப் புதைத்து, கரியும் உப்பும் கொட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வறண்டால் கர்நாடக சங்கீதத்துக்கு நடுவே யாரோ வறுகடலை வறுப்பார்கள். அடுத்த வீட்டு மோட்டார், எதிர்த் தெரு சினிமாக் கொட்டகை, எல்லாம் ரேடியோவுக்குள் வந்து போகும். இந்தத் தொல்லை உலகமெங்கும் பெருகி, இதற்கென்றே ஒரு சர்வதேசக் கமிட்டி 1934-ல் ஏற்பட்டது. அது இன்றைக்கும் வேலை செய்கிறது. உங்கள் வீட்டு மிக்ஸி எவ்வளவு கத்தலாம் என்று—காதுக்கு அல்ல, ரேடியோவுக்கு—விதி வகுப்பது அந்தக் கமிட்டிதான்.

கரகரப்பை விரட்டப் போனவர்களில் ஒருவர் மட்டும் புதையலோடு திரும்பினார். கார்ல் ஜான்ஸ்கி என்று பெயர். கடல் கடந்த டெலிபோன் பேச்சில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்படி பெல் கம்பெனியார் அவரை ஏவினார்கள். நியூ ஜெர்ஸியில் ஒரு வயலில், பழைய ஃபோர்டு காரின் சக்கரங்களை வைத்துச் சுழல்கிற பெரிய ஏரியல் ஒன்றைக் கட்டினார். அருகிலுள்ள இடியின் சப்தம், தொலைவிலுள்ள இடியின் சப்தம் என்று இரண்டைப் பிரித்துவிட்டார். மூன்றாவதாக ஒரு மெல்லிய 'உஸ்' மிஞ்சியது. அது தினந்தோறும் நாலு நிமிஷம் முன்னதாகவே வந்துகொண்டிருந்தது. சூரியனாக இருந்தால் அதே நேரத்துக்கு வரும். நட்சத்திரங்கள்தான் நாளுக்கு நாலு நிமிஷம் முந்தி உதிப்பவை. 1933-ல் அறிவித்தார்: இந்த இரைச்சல் நம் பால்வீதி மண்டலத்தின் நடுவிலிருந்து, தனுர் ராசியின் திசையிலிருந்து வருகிறது. வாட்ஸன் இராத்திரியில் கண்ட கனவு ஒரு விதத்தில் பலித்தே விட்டது. ஊட்டிக்குப் போகிறவர்கள் முத்தொரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிற ரேடியோ டெலஸ்கோப்பைப் பார்க்கலாம். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி 1970-ல் அதை நிறுவினார். வானத்துக் கரகரப்பைக் கேட்க, மனிதனின் கரகரப்பு எட்டாத மலை மறைவாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது அது.

என் ஹெட்போனில் வந்தது பால்வீதி அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே சார்ஜருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

முன்னாளில் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி செங்கல் போலக் கனக்கும். உள்ளே இரும்பும் செம்புமாக ஒரு டிரான்ஸ்பார்மர். 1977-ல் வந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் ஒன்றில் ராட் ஹோல்ட் என்பவர் அந்தக் கனத்தை விட்டுவிட்டு வேறு உபாயம் செய்தார். அந்த உபாயம் அவருக்கு முன்பே உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது அவர். 230 வோல்ட்டை முதலில் நேர் மின்சாரமாக்கி, அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, சுண்டு விரல் அளவு டிரான்ஸ்பார்மர் வழியே அனுப்புவது. நம் லாப்டாப் சார்ஜரெல்லாம் அந்த வம்சம். கனம் போயிற்று, ஆனால் வெட்டுகிற வேகத்தில் சிதறல் உண்டாகாமல் இருக்குமா? அந்தச் சிதறலைத் திருப்பி அனுப்பச் சின்னக் கண்டென்ஸர்களை வைத்திருக்கிறார்கள். மூன்று முனைச் சார்ஜரில் அவை சிதறலை எர்த் கம்பியில் இறக்கிவிடும்.

எர்த் கம்பி செத்துப்போயிருந்தால்? இறங்க வழியில்லாமல் அது லாப்டாப்பின் உடம்பிலேயே நிற்கும். சுமார் 115 வோல்ட், 230-ல் பாதி. கண்டென்ஸர்கள் அனுமதிப்பது ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பகுதிதான், ஆளைக் கொல்லாது. விரலில் எறும்பு ஊரும். டெஸ்டர் விழிக்கும். ஹெட்போன் கம்பி வழியாகவும் நம் உடம்பு வழியாகவும் பூமிக்குப் போக அது வழி தேடும்; போகிற போக்கில் காதில் கரகரக்கும். மருமகன் சொன்ன "கொஞ்சம்" இதுதான். பையன் சொன்னது சரியே.

இதே வியாதி நேர் எதிரான காரணத்தாலும் வரும். லாப்டாப்புக்கும் எர்த், அதோடு கம்பியால் இணைத்த ஸ்பீக்கர் பெட்டிக்கும் வேறிடத்தில் எர்த் என்று இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி 'ம்ம்ம்' என்று ரீங்காரமிடும். அதற்கு மருந்து, இரண்டையும் ஒரே பலகையில் செருகுவது. அல்லது நடுவே சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்து ஒலிக் கம்பியைப் பிரித்துவிடுவது. ஆனால் ஜனங்கள் அதையா செய்கிறார்கள்? கடைத்தெருவில் விசாரித்தபோது ஒருவர் எனக்குச் சொன்ன வைத்தியம் இது: "பிளக்குல மூணாவது காலு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க. அத ஒடச்சுப் போட்டுடுங்க. சத்தம் போயிடும்."

வாஸ்தவத்தில் போகும். அன்று சாயங்காலம் குறடைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது காலை அதில் கவ்வியும் விட்டேன். அந்தச் சமயம் தங்கச்சி, அதாவது அத்தை மகனின் மனைவி, காப்பி கொண்டுவந்தாள். நான் செய்யப்போவதைச் சொன்னேன்.

"அப்ப கிரைண்டருக்கும் அதையே பண்ணிடுங்கண்ணே. தொட்டா ஷாக் அடிக்குது. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுதான் தெனம் அரைக்கிறேன்" என்றாள், ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்பது போன்ற குரலில்.

"தினம் எத்தனை மணிக்கு அரைப்பாய்?"

"பத்து மணிக்கு."

குறடைக் கீழே வைத்தேன்.

மறுநாள் ஒயர்மேன் வந்தார். பேச்சு அதிகமில்லாத மனிதர். ஒரு ஹோல்டரில் பல்பை மாட்டி, அதன் ஒரு கம்பியைப் பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிற துளையிலும் மற்றதை எர்த் துளையிலும் வைத்தார். எர்த் உயிரோடிருந்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. வீடு முழுவதும் அப்படியே. பிறகு கொல்லைக்குப் போய், "எர்த் குழி எங்கே?" என்றார். யாருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அத்தை இருந்தால் தெரிந்திருக்கும். கடைசியில் பட்டுப்போன வாழைக்கட்டை ஒன்றின் அடியில் குழாய் முனை தென்பட்டது. முன்பெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்த வாழைக்குத்தான் பாயுமாம். புதுக் குளியலறை கட்டியபோது தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பினார்கள். முதலில் வாழை செத்தது. பிறகு எர்த் செத்தது. குழாயில் கட்டியிருந்த கம்பியை ஒயர்மேன் இழுத்தார். துரு உதிர்ந்து கையோடு வந்துவிட்டது.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கிரைண்டர் மோட்டாரில் எங்கோ மின்சாரம் கசிகிறது. அந்தக் கசிவை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டிய எர்த் கம்பி மண்ணைத் தொடவே இல்லை. சுவருக்குள் அறைக்கு அறை மட்டும் ஓடுகிறது. ஆகவே கிரைண்டர் ஓடுகிறபோது அதன் கசிவு எர்த் கம்பி வழியாக என் லாப்டாப்புக்கும் வந்திருக்கிறது. பிளக்கின் மூன்றாவது காலை நான் உடைத்திருந்தால் என் காதுக்கு வந்த செய்தி நின்றிருக்கும். தங்கச்சி தினமும் பத்து மணிக்கு ரப்பர் செருப்பை நம்பிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அடுத்த மழைக்காலத்தில் தரை நனைந்து, செருப்பும் நனைந்து, கையில் மாவு ஈரமும் இருந்தால்—ஒயர்மேன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

புதுக் குழி வெட்டினார்கள். புதுக் குழாய், கரி, உப்பு, கெட்டியான கம்பி. குளியலறைத் தண்ணீரில் ஒரு கிளையைக் குழிப் பக்கம் திருப்பினார்கள். மெயின் பலகையில் ஆர்.சி.சி.பி. என்ற சின்னப் பெட்டி ஒன்றையும் பொருத்தினார். போகிற மின்சாரத்துக்கும் திரும்புகிற மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். எல்லாம் முடிந்ததும் கிரைண்டரைப் போடச் சொன்னார். 'டக்'கென்று பெட்டி விழுந்தது. மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் விழுந்தது. கிரைண்டரைத் தூக்கி ஆட்டோவில் வைத்து ரிப்பேருக்கு அனுப்பினோம். தோசை இல்லாமல் நாலு நாள் உப்புமா சாப்பிட்டோம்.

அன்றிரவு தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சார்ஜர் செருகியிருந்தது. கரகரப்பு இல்லை. அத்தை தன் சிறு வயதில் பஞ்சாயத்து ரேடியோ வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். திருச்சி ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்க ஊரே கூடுமாம். அவளுடைய அப்பா, என் தாத்தா, தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ரேடியோ எர்த் குழியில் ஊற்றுவாராம். "பயிருக்கு ஊத்தாத தண்ணிய மண்ணுக்கு ஊத்துறாருன்னு எங்கம்மா கத்தும்" என்று சொல்லிச் சிரித்தாள். இந்த இடத்தை நான் முன்பே ஐந்தாறு தடவை கேட்டிருந்தேன். சிரிப்புக்கு அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்தான் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்திருந்தேன்.

இரைச்சல் அல்ல. பின்னால் கிரைண்டர் ஓடுகிற சப்தம் கேட்டது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள். தூரத்திலிருந்து வருவது போல மெல்லியதாக, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது.

"ஏம்மா, செருப்பு போட்டுக்கிட்டியா?"

அப்புறம் திரும்பி உட்கார்ந்து, தாத்தா குடம் தூக்கிப் போன கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.